பொறுப்பாளர் பெயர், போன் நம்பர்

மைதாப் பசை கிண்டுவதற்கு ஒரு பக்குவம் உண்டு. கொதிக்கிற தண்ணீரில் மாவைக் கொட்டினால் கட்டி தட்டிப்போகும். முதலில் பச்சைத் தண்ணீரில் மோர் பதத்துக்குக் கரைத்துக்கொண்டு, அப்புறம்தான் அடுப்பில் ஏற்ற வேண்டும். வெள்ளை நிறம் போய்க் கண்ணாடி மாதிரி ஆகிறவரை கரண்டியை நிறுத்தக் கூடாது. இறக்கும்போது ஒரு சிட்டிகை மயில்துத்தம். அது சேர்ந்தால் கரப்பான் அண்டாது, எலி காகிதத்தைத் தின்னாது. மழைக்காலத்தில் இன்னொரு வேலையும் இருக்கிறது. சுவர் ஈரத்தைக் குடித்திருக்கும். அதனால் சுவருக்கே ஒரு கை பசை பூசிக் கால் மணி நேரம் காயவிட்டு, அதன்மேல் காகிதத்தை வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்குத் துணியால் ஒற்றித் தள்ள வேண்டும். ஓரத்திலிருந்து நடுவுக்குத் தள்ளினால் காற்று மாட்டிக்கொண்டு கொப்புளம் போடும்.

பாஞ்சாலிக்கு இதெல்லாம் கை பழகிய வேலை. அவளுடைய அப்பா பெங்களூர் சிவாஜிநகரில் சினிமா போஸ்டர் ஒட்டியவர். ஆகவே தொண்டு நிறுவனத்து ஆபீஸிலிருந்து எட்டு அறிவிப்புகள் சுருளாக வந்தபோது, கூடவே வந்த செல்லோ டேப்பை அவள் ஓரமாக வைத்துவிட்டாள். ஜூலை மாதத்து மல்லேஸ்வரத்துச் சுவரில் செல்லோ டேப் ஒரு நாள்கூட நிற்காது.

ரயில் பாதையை ஒட்டி, பிள்ளைகள் வராமல் மூடிப்போன பள்ளிக்கூடக் கட்டடம் அது. அதில்தான் வீடில்லாத பெண்களுக்கான தங்குமிடம் நடந்தது. கட்டடம் அரசுடையது, நடத்துவது ஒரு தொண்டு நிறுவனம், பார்த்துக்கொள்வது பாஞ்சாலி. முப்பத்திரண்டு கட்டில். பழைய ஹெட்மாஸ்டர் அறை அவளுக்கு. கணவன், வயதுவந்த மகன் யாரும் அதில் தங்கக் கூடாது என்பது விதி. மகள் தங்கலாம்.

வீடற்றோர் தங்குமிடம் எல்லாவற்றிலும் ஆள் கடத்தல் தடுப்பு உதவி எண்ணை ஒட்டவேண்டும் என்று புதிதாக உத்தரவு வந்திருந்தது. எங்கெங்கே ஒட்டுவது என்பதும் அதிலேயே இருந்தது. வாசலில் ஒன்று, சாப்பாட்டுக் கூடத்தில் ஒன்று, படுக்கை அறைகளில் மூன்று, கழிவறைக் கதவுகளின் உள்பக்கம் மூன்று. கழிவறைக்குள் எதற்கு என்று பாஞ்சாலி முதலில் சிரித்தாள். இரண்டாம் பி.யு., அதாவது பிளஸ் டூ, படிக்கிற மகள் அனுஷாதான் விளக்கினாள்.

"அம்மா, ஒருத்திய யாராச்சும் கூடவே காவல் காத்துட்டு வராங்கன்னு வெச்சிக்கோ. வேற எங்கயும் அவ நின்னு படிக்க முடியாது. உள்ள போயி கதவச் சாத்தினாதான் தனியா இருப்பா. உக்காந்த எடத்துல கண்ணுக்கு நேரா நம்பர் இருக்கும். செம ஐடியா இல்ல?"

"கதவுல பெயின்ட் உரிஞ்சிருக்கு. சுரண்டிட்டுத்தான் ஒட்டணும், கத்திய எடு."

அறிவிப்பில் ஐந்து மொழி. உங்கள் ஆதார் அட்டையை வேறு யாராவது வாங்கி வைத்திருக்கிறார்களா? வெளியே போகவிடாமல் பூட்டுகிறார்களா? என்று கேள்விகள். அடியில் உதவி எண். அதற்கும் கீழே அந்தத் தங்குமிடத்துக்கான நான்கு இலக்கக் குறி எண். இந்தக் குறி எண் கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. நகரத்துக்குப் புதிதாக வந்தவளுக்குத் தான் எந்தத் தெருவில் இருக்கிறோம் என்றே தெரியாது. நான்கு எண்ணை மட்டும் படித்துச் சொன்னால், எதிர்முனையில் இருப்பவரின் திரையில் இடமும், அந்த இடத்துக்குப் பொறுப்பானவரின் பெயரும் போனும் வந்து நிற்கும். கடைசியில் ஒரு கோடு விட்டிருந்தார்கள். பொறுப்பாளர் பெயர், போன் நம்பர். பாஞ்சாலி கறுப்பு மார்க்கரால் எட்டிலும் தன் பெயரையும் நம்பரையும் எழுதினாள்.

தகரக் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த கேத்தரினுக்கு எழுபது வயது. ரிச்சர்ட்ஸ் டவுனில் மூன்று தலைமுறைக் குழந்தைகளுக்கு ஆயாவாக இருந்துவிட்டு, நான்காம் தலைமுறை ஃபிளாட்டுக்கு மாறியபோது இடமில்லாமல் போனவள்.

"ஏம்மா பாஞ்சாலி, என்னைய எவனாச்சும் கடத்தினா இந்த நம்பருக்கு அடிக்கணுமா?"

"ஆமா ஆன்ட்டி."

"அடிக்கமாட்டேன் போ. காலைல காபி குடுப்பானா, அத மட்டும் கேட்டுச் சொல்லு. இங்க நீ குடுக்கறது கழனித்தண்ணி."

"நீங்க போனா ஒரு கட்டில் காலியாவும். நானே கையக் காட்டி அனுப்பறேன்."

கூடத்தில் நான்கைந்து பேர் சிரித்தார்கள். அனுஷா ஒவ்வொரு அறிவிப்பையும் போட்டோ எடுத்தாள். சும்மா போட்டோ இல்லை. எடுத்த இடமும் தேதியும் மணியும் அடியில் தானே விழுகிற செயலியில் எடுத்து, ஆபீஸ் குரூப்பில் போட வேண்டும். பதினொன்றரைக்குக் குரூப்பில் ஒரு கட்டைவிரல் வந்தது. பாஞ்சாலிக்கு ஒரு வேலை முடிந்தது.

மத்தியானம் மழை பிடித்துக்கொண்டபோது வாசலில் ஒருத்தி வந்து நின்றாள். ஒரு காலில் மட்டும் செருப்பு. துப்பட்டாவைக் கைகளில் சுற்றியிருந்தாள். "அக்கா" என்று கூப்பிட்டதும் குரலை வைத்துத்தான் பாஞ்சாலிக்கு ஆள் தெரிந்தது. தீபிகா. பங்குனியில் அம்மா மாதம்மாவோடு ஊத்தங்கரைப் பக்கத்திலிருந்து வந்து, பஸ் ஸ்டாண்டில் படுத்துக்கிடந்து, பத்து நாள் இங்கே தங்கியிருந்த பெண். பத்தொன்பது வயது. நான்கு மாதத்தில் ஆள் பாதியாகியிருந்தாள்.

"என்னடி இது, எங்கருந்து வர?"

"ஷெட்லருந்துக்கா. சாப்பிட எதுனா இருக்குதா?"

காலையில் ஒரு கல்யாண மண்டபத்திலிருந்து வந்த பிசிபேளேபாத் மிச்சமிருந்தது. துப்பட்டாவை அவிழ்த்தபோது கேத்தரின் "ஜீசஸ்" என்றாள். உள்ளங்கைத் தோல் முழுக்க உரிந்து, விரல் நுனிகளில் ரேகையே இல்லாமல் பளபளத்தது. தீபிகாவால் சோற்றைப் பிசைய முடியவில்லை. அனுஷா ஸ்பூன் கொண்டுவந்து கொடுத்தாள்.

"என்ன வேலைக்கா அது, கை இப்பிடி ஆவறதுக்கு?" என்று கேட்டாள் அனுஷா.

தீபிகா சாப்பிட்டபடியே சொன்னாள். பொம்மசந்திராவைத் தாண்டி, தைலமரங்களுக்கு நடுவில் தகர ஷெட். கெமிக்கல் கம்பெனிகள் காலி செய்த பேரல்கள் லாரி லாரியாக வரும். உள்ளே பாதி ஒட்டிக்கொண்டிருக்கும். பேரலுக்குள் காஸ்டிக் சோடாவும் சுடுதண்ணியும் ஊற்றி, பத்தடி இரும்புச் சங்கிலியை உள்ளே போட்டு, மூடியை முறுக்கி, தரையில் இரண்டு பேர் எதிரும் புதிருமாக உட்கார்ந்து உருட்ட வேண்டும். சங்கிலி உள்ளே புரண்டு புரண்டு சுவரைச் சுரண்டிவிடும். ஐம்பது உருட்டு. அப்புறம் மூடியைத் திறந்து கொட்டி, கையை உள்ளே விட்டுத் துடைத்து, கவிழ்த்து, பெயின்ட் அடித்தால் புதுப் பேரல். ஒரு ஜோடிக்கு ஒரு நாளைக்கு முப்பது பேரல்.

"கையுறை குடுக்கமாட்டாங்களா?"

"குடுத்தாங்க, மொத நாளு. அதும் வெந்துபோச்சு." தீபிகா ஸ்பூனை வைத்தாள். "போன வாரம் மூடியத் தொறக்கசொல்ல அம்மாவுக்குக் கண்ணுல தெறிச்சிடுச்சிக்கா. தண்ணி ஊத்திக் கழுவி உட்டாங்க. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு காலுல வுழுந்தேன். கார்டு இல்லாம ஆஸ்பத்திரில சேக்கமாட்டாங்கன்றாங்க. இப்ப அந்தக் கண்ணு வெள்ளையா ஆயிடுச்சி. இன்னொண்ணுலயும் தண்ணி வடியுது. கழுவின பேரல் லாரில ஏத்துவாங்க இல்ல, அந்தச் சந்துல நின்னுக்கிட்டே வந்துட்டேன். நான் வந்தது அம்மாவுக்குத் தெரியாது."

பாஞ்சாலி தட்டை எடுக்கிற சாக்கில் குனிந்தாள்.

"அக்கா, எங்க ஆதார் கார்டு ரெண்டும் உங்ககிட்ட இருக்குதா?"

"எங்கிட்ட எதுக்கு இருக்கு? பி.எஃப்.புக்கு வேணும்னு கேட்டாங்க, வேன்காரங்ககிட்ட குடுத்தேன். நீயும்தான பாத்துட்டு இருந்த?"

"அங்க கேட்டா மேஸ்திரிகிட்ட இருக்குதுன்றாங்க. மேஸ்திரி போன்லதான் பேசுவாரு. மூஞ்சியே யாரும் பாத்ததில்ல."

ஓர் ஆளை வைத்து வேலை வாங்கச் சங்கிலி, பூட்டு எல்லாம் இரண்டாம்பட்சம்தான். கார்டை வாங்கி வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. கார்டு இல்லாதவள் ஆஸ்பத்திரிக்குப் போக முடியாது, ரூம் எடுக்க முடியாது, போலீஸ் கேட்டால் தான் யார் என்று காட்ட முடியாது. ஓடிப்போனாலும் கார்டைத் தேடித் திரும்பி வருவாள், தீபிகா வந்த மாதிரி. அந்த இரண்டு கார்டுகளையும், தங்க வருகிறவர்களின் கார்டைப் பத்திரப்படுத்துகிற தகர டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்தது பாஞ்சாலிதான். ஆனால் வேன்காரனிடம் இல்லை. மேஸ்திரியிடம். அந்த மேஸ்திரி தினமும் சாயங்காலம் ஏழு மணிக்குப் பின்கட்டு வழியாக வந்து, ஹெட்மாஸ்டர் அறையில் சாப்பிட்டுவிட்டுப் படுக்கிறவன். அவள் கணவன் கோவிந்தப்பா.

நல்ல கம்பெனி, தங்க இடம், மூன்று வேளைச் சாப்பாடு என்று அவன் சொன்னான். அவளும் மேற்கொண்டு கேட்கவில்லை. வேலையில் சேர்த்துவிட்டவர்கள் எத்தனை பேர் என்று ஆபீஸில் மாதாமாதம் கேட்பார்கள். பாஞ்சாலியின் தங்குமிடத்தில் அந்த எண்ணிக்கை எப்போதும் நன்றாக இருக்கும்.

மூன்று மணிக்கு மார்க்கெட்டில் வாடின காய்கறி சும்மா கிடைக்கும். சாக்கை எடுத்துக்கொண்டு பாஞ்சாலி போனாள். மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டாள்: இன்றைக்குப் படுக்கட்டும், நாளைக்கு ஊர் பஸ்ஸில் ஏற்றிவிட்டால் போகிறது, மாதம்மாவை அவரிடம் சொல்லி மெல்ல அனுப்பச் சொல்லலாம். நாலரைக்குத் திரும்பி வந்தபோது அனுஷா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். முகம் மலர்ந்திருந்தது.

"அம்மா, போன் பண்ணிட்டோம்!"

"யாருக்கு?"

"இதுக்குத்தான்" என்று காலையில் ஒட்டிய காகிதத்தைக் காட்டினாள். "அந்தக்காவுக்குப் படிக்கத் தெரியாதாம். நானே படிச்சுக் காட்டி, என் போன்லருந்து போட்டுக் குடுத்தேன். எல்லாம் சொன்னாங்க. ஷெட்டு, பேரலு, மேஸ்திரி, அவங்கம்மா கண்ணு. டீம் வருவாங்களாம். பாத்தியா, ஒட்டின அன்னைக்கே வேலை செய்யுது!"

சாக்கிலிருந்து ஒரு கோசு உருண்டு நடையில் ஓடியது. பாஞ்சாலி அதை எடுக்கவில்லை.

ஐந்தேகாலுக்கு அவள் போன் அடித்தது. கன்னடமும் தமிழும் கலந்த பெண் குரல்.

"பொறுப்பாளர் பாஞ்சாலி அவங்களா? உதவி மையத்திலருந்து ராஜலக்ஷ்மி பேசறேன். உங்க கோட்லருந்து ஒரு கால் வந்திருக்கு. தீபிகான்னு ஒரு பொண்ணு. அங்கதானே இருக்கா?"

"இருக்குறா மேடம்."

"நோடம்மா, இன்னைக்கு வண்டி இல்ல. நாளைக்கு பதினோரு மணிக்கு நாங்க வரோம். அதுவரைக்கும் பத்திரமா வெச்சிக்கோங்க. வெளிய விடாதீங்க, யாருகிட்டயும் மூச்சு விடாதீங்க. இந்த மேஸ்திரி ஆளுங்க தேடிட்டு வருவாங்க. நீங்கதான் பொறுப்பு. சரியா?"

"சரி மேடம்."

"நல்லவேளை, உங்க மாதிரி ஒருத்தங்க ஸ்பாட்ல இருக்கீங்க."

போனை வைத்துவிட்டுப் பாஞ்சாலி ஹெட்மாஸ்டர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால் ஸ்ரீராம்புரத்தில் ரயில் பாதை ஓரம் இருந்த தகர வீட்டை இடித்தபோது, நான்கு வயசு அனுஷாவைத் தூக்கிக்கொண்டு அவளே இந்தத் தங்குமிடத்துக்கு வந்தவள்தான். பதினேழாம் நம்பர் கட்டில். சமையலுக்கு உதவி, பெருக்கித் துடைத்து, மூன்று வருஷத்தில் பொறுப்பாளர் ஆனாள். கட்டிலுக்கும் அறைக்கும் நடுவில் இருபதடிதான். அந்த இருபதடியைக் கடக்க அவள் பட்டது அவளுக்குத்தான் தெரியும்.

கோவிந்தப்பா ஏழு மணிக்கு வந்தான். அனுஷா கூடத்தில் தீபிகாவின் கைகளுக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். அவன் சத்தம் போடுகிற ஆள் இல்லை. பொம்மசந்திராவில் ஒரு பிரஸ் மெஷின் அவனுடைய வலது கையில் இரண்டு விரலை எடுத்துக்கொண்டதிலிருந்து, அவன் எதையும் நிதானமாகவே செய்வான். கேழ்வரகுக் களியை மூன்று விரலால் கிள்ளி, குழம்பில் தோய்த்து, எல்லாவற்றையும் கேட்டு முடித்தான்.

"என் பேரச் சொன்னாளா?"

"பேரு தெரியாது அவளுக்கு. மேஸ்திரின்னுதான் சொல்லியிருக்குறா."

"கண்டுபுடிக்க எத்தன நேரமாவும்? ஷெட்டுக்குப் போனா போன் நம்பர் இருக்கும்."

"மாதம்மாவுக்கு ஒரு கண்ணு போயிடுச்சாம்யா."

"தெரியும். இன்னொண்ணு இருக்குதில்ல?"

பாஞ்சாலி கரண்டியைத் தட்டில் வைத்தாள். "மனுசனாய்யா நீ?"

"சரி, மனுசனா யோசிப்போம்" என்றான் அவன். "நாளைக்கு பதினோரு மணிக்கு வராங்க. மத்தியானம் என்னையப் புடிப்பாங்க. சாயங்காலம் உன்னைய. கார்டு எடுத்துக் குடுத்தது யாரு? ராத்திரிக்கு இந்த ரூமுக்கு வேற பூட்டு. அனுஷா எங்க படுப்பா? கூடத்துல கட்டில் போட்டுக் குடுப்பாங்கன்னு நெனைக்கிறியா? இல்ல, இவங்கள மாதிரி பஸ் ஸ்டாண்டுலருந்து ஆரம்பிக்கணுமா? பரீட்ச வேற வருது."

அடுப்பில் பால் ஓரம் கட்டிக்கொண்டிருந்தது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஊருக்கு அனுப்பிடலாம்யா. பஸ் ஏத்தி உட்டா போயிடுவா."

"அம்மாள அங்க வெச்சிட்டு அவ ஊருக்குப் போவாளா? வழியிலயே எறங்கி ஸ்டேஷனுக்குப் போவா. கேளு. காலைல ஆறு மணிக்கு ஒரு வண்டி வரும். வெள்ள கார். நம்ம வீணா இருக்குறால்ல, என்கூட வேலை செய்யறவ, அவளை முன்சீட்டுல உக்கார வெச்சி அனுப்பறேன். கழுத்துல ஒரு டேக்கு, கையில ஒரு ஃபைலு. பெங்களூர்ல கழுத்துல டேக் போட்டவங்கள யாரும் கேள்வி கேக்கமாட்டாங்க. உதவி மையத்துலருந்து வண்டி வந்திருக்குன்னு நீ சொல்லணும்."

"நான் சொல்லமாட்டேன்."

"நான் சொன்னா நம்பமாட்டா. நீ சொன்னா நம்புவா. அந்தக் காயிதத்துல உன் பேருதான இருக்குது?"

அவன் கை கழுவினான். அவள் பாலை இறக்கினாள்.

கால் மணி நேரம் கழித்துப் பாஞ்சாலி கூடத்துக்குப் போனாள். தீபிகா அனுஷாவின் பழைய நைட்டியில் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். எண்ணெய் தடவிய இரண்டு கைகளையும் மடியில் மல்லாத்தி வைத்திருந்தாள். அனுஷா பக்கத்தில் கணக்குப்பதிவியல் புத்தகத்தோடு இருந்தாள்.

"போன் வந்துதுடி. காலைல ஆறு மணிக்கே வண்டி அனுப்பறாங்களாம். குளிச்சிட்டு ரெடியா இரு."

தீபிகா எழுந்துவிட்டாள். "மெய்யாவாக்கா?"

"மெய்தான்."

"கார்டும் வாங்கித் தருவாங்களா?"

"எல்லாம் வாங்கித் தருவாங்க."

"அம்மாவ?"

"மொதல்ல அங்கதான் போவாங்க. உன்னையக் கூட்டிக்கிட்டு நேரா உங்கம்மாகிட்டதான்."

சொல்லி முடித்த பிறகுதான் பாஞ்சாலிக்கு உறைத்தது, அந்தக் கடைசி வரியில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்பது. தீபிகா குனிந்து அவள் காலைத் தொட்டாள். உரிந்த கை என்பதால் புறங்கையால் தொட்டாள்.

"நீங்க அந்தக் காயிதத்த ஒட்டலன்னா எனக்கு எதுவும் தெரிஞ்சிருக்காதுக்கா."

"ஆமா, காலைலருந்து கிண்டிக் கிண்டி ஒட்டினா" என்றாள் கேத்தரின், படுத்தபடியே. "சாமி இருக்காரு. காபி மட்டும்தான் நல்லால்ல."

காலையில் தூறல் விடவில்லை. துவைத்த துணி ஒன்றும் காயவில்லை. பாஞ்சாலி தன்னுடைய செருப்பைக் கொடுத்தாள். நான்கு இட்லியை வாழையிலையில் மடித்து, மேலே செய்தித்தாள் சுற்றிக் கொடுத்தாள். ஆறு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதே வெள்ளைக் கார் வந்து நின்றது. முன்சீட்டில் இருந்த பெண் இறங்கவில்லை, கண்ணாடியை மட்டும் இறக்கி, ஃபைலைப் பார்த்து, "தீபிகா?" என்றாள். நீல நாடாவில் டேக் தொங்கியது. தீபிகா பாஞ்சாலியைத் திரும்பிப் பார்த்தாள். பாஞ்சாலி தலையசைத்தாள். கார்க் கதவைத் திறக்க அந்தக் கையால் முடியவில்லை. பாஞ்சாலிதான் திறந்துவிட்டாள்.

"வரேன்க்கா."

"ம். உள்ள தள்ளி உக்காரு."

கார் திரும்பிப் போகும்போது முற்றத்துக் குழாயடியில் அனுஷா குடத்தோடு நின்றிருந்தாள்.

"அம்மா, முன்னாடி இருந்தது வீணா ஆன்ட்டிதானே? அவங்க எப்ப இந்த வேலையில சேந்தாங்க?"

"எந்த வீணா?"

"அப்பாவோட... என் ஃபங்ஷனுக்கு வந்து சில்வர் குடம் வெச்சாங்களே, அவங்கதான்."

"அது வேற யாரோ. மழைல உனக்குத் தெரியல."

"இல்லம்மா, என்னையப் பாத்துட்டு மூஞ்சத் திருப்பிக்கிட்டாங்க."

"குடம் ரொம்பி வழியுது பாரு. குழாய மூடு."

அனுஷா குழாயை மூடினாள். காலேஜுக்குக் கிளம்பவில்லை. தலை வலிக்கிறது என்று அறை வாசற்படியில் உட்கார்ந்துகொண்டாள்.

தங்குமிடத்தில் ஆள் வந்தால் ஒரு வரி, போனால் ஒரு வரி பெரிய நோட்டில் எழுத வேண்டும். போகிற வரிக்கு மூன்றே காரணம்தான்: உறவினர் அழைத்துச் சென்றார், வேலைக்குச் சென்றார், சுய விருப்பத்தில் வெளியேறினார். எட்டு மணிக்குப் பாஞ்சாலி மூன்றாவதை எழுதினாள்.

பதினொன்றே காலுக்கு ராஜலக்ஷ்மி மேடம் ஆட்டோவில் வந்து இறங்கினாள். ஐம்பது வயது, கையில் குடை, தோளில் பை, மூட்டு வலிக்காரி போல ஒவ்வொரு படியாக ஏறினாள். நோட்டைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

"ஏனம்மா இது? பத்திரமா வெச்சிக்கோன்னு சொன்னேனே!"

"காலைல எழுந்து ஊருக்குப் போறேன்னு கெளம்பிட்டா மேடம். எவ்வளவோ சொன்னேன். பூட்டி வெக்கறதுக்கு இது ஜெயிலா?"

வாசற்படியில் அனுஷாவின் தலை நிமிர்ந்தது. நேற்று ராத்திரி அம்மா சொன்னது வேறு. காலையில் தான் பார்த்தது வேறு. இந்த மேடமோ இப்போதுதான் வருகிறாள், அதுவும் ஆட்டோவில்.

"அதுவும் கரெக்டு. நாம ஃபோர்ஸ் பண்ண முடியாது" என்று ராஜலக்ஷ்மி பெஞ்சில் உட்கார்ந்து முழங்காலைத் தடவினாள். "பாதிப்பேரு இப்படித்தான். போன் பண்ணுவாங்க, அப்புறம் பயந்துட்டு ஓடிடுவாங்க. ஷெட்டு அட்ரஸும் சரியா சொல்லல. தைலமரம், தகர ஷெட்டுன்னா அந்தப் பக்கம் நூறு இருக்கு. சரி, க்ளோஸ் பண்ணிடலாம். எந்த போன்லருந்து கால் பண்ணா?"

"என் பொண்ணு போன்லருந்து மேடம்."

"கூப்பிடும்மா அவள."

ஒரு புகாரை மூடுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. அதிகாரிகள் அவர்கள் இஷ்டத்துக்கு மூடிவிடக் கூடாது என்பதற்காக வைத்த முறை. மூடப்போகிற நேரத்தில், புகார் எந்தப் போனிலிருந்து வந்ததோ அந்தப் போனுக்கு ஆறு இலக்க ஓ.டி.பி. போகும். போன் வைத்திருப்பவர் அதை வாயால் சொன்னால்தான் மூட முடியும். போன் செய்தவருடைய சம்மதம் இருக்கிறது என்பதற்கு அது அத்தாட்சி.

அனுஷா போனோடு வந்து நின்றாள்.

"ஓ.டி.பி. வரும், சொல்லும்மா."

"சொல்லலேன்னா என்னாவும் மேடம்?"

பாஞ்சாலி மகளைப் பார்த்தாள். மகள் அவளைப் பார்க்கவில்லை.

"சொல்லலேன்னா கேஸ் ஓபன்லயே இருக்கும். இருபத்தி நாலு மணி நேரத்துல தானா மேல போயிடும். போலீஸ் வருவாங்க. இங்க எல்லாரையும் உக்கார வெச்சி விசாரிப்பாங்க. யார் வந்தா, யார் போனா, எல்லாம்." ராஜலக்ஷ்மி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, சின்னப் பெண்ணைக் கன்னடத்தில் செல்லமாகக் கூப்பிடுகிற மாதிரிக் கேட்டாள். "ஏன் புட்டி, உனக்கு ஏதாச்சும் தெரியுமா?"

அறைக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே கொடியில் கோவிந்தப்பாவின் சட்டையும் லுங்கியும் ஈரத்தோடு தொங்கின. பெஞ்சில் இருந்து கொஞ்சம் சாய்ந்தால் தெரியும். பாஞ்சாலி அதைக் கண்டாள், ஆனால் கால் நகரவில்லை. இவள் வாயைத் திறந்தால் திறக்கட்டும் என்று ஒரு கணம் தோன்றியது. அந்தக் கணம் முழுக்க அவள் காத்திருந்தாள். எதற்காகக் காத்திருக்கிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

அனுஷா திரும்பிப் போய் அறைக் கதவை இழுத்துச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டது.

"கேத்தரின் ஆன்ட்டிக்குக் காத்து ஆவாது மேடம்" என்றாள் வந்து.

போன் சிணுங்கியது.

"ஆ, வந்திடுச்சி. சொல்லு."

"ஒம்பது... நாலு... ஒண்ணு..."

நின்றாள். ரயில் ஒன்று யஷ்வந்த்பூர் பக்கம் போய்க்கொண்டிருந்தது. அது போகிறவரை ராஜலக்ஷ்மியும் பொறுமையாக விரலைத் திரைமேல் வைத்துக் காத்திருந்தாள்.

"மத்த மூணு?"

"ஏழு. ஏழு. ரெண்டு."

"ஆய்த்து, முடிஞ்சது." ராஜலக்ஷ்மி பையை மாட்டிக்கொண்டு எழுந்தாள். சாப்பாட்டுக் கூடத்து அறிவிப்பை விரலால் தடவிப் பார்த்தாள். "நீட்டா ஒட்டியிருக்கீங்களே! மத்த எடத்துல எல்லாம் ஒரே வாரத்துல தொங்குது."

அனுஷாவின் போன் மறுபடியும் சிணுங்கியது. அவள் திரையையே பார்த்தபடி நின்றாள்.

"என்ன, ரேட்டிங் கேக்குதா? உங்க புகார் தீர்ந்தது, எத்தன ஸ்டார்னு கேக்கும்" என்றாள் ராஜலக்ஷ்மி படி இறங்கிக்கொண்டே. "அஞ்சு போட்டுடு புட்டி. நாலு போட்டாக்கூட ஏன்னு எங்களக் கூப்பிட்டுக் கேப்பாங்க."

அனுஷா கட்டைவிரலை வைத்து, இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக ஐந்தையும் மஞ்சளாக்கினாள். அப்புறம் அம்மாவிடம் நீட்டி, சரியாகப் போட்டிருக்கிறதா பார் என்று காட்டினாள்.